ஒரு லிட்டர் சிலிண்டரும் ஷிஃப்ட் புத்தகமும்

கழிவுநீர் சுத்திகரிப்பு வேலையைக் கற்க வரும் பிள்ளைகளின் கையில் நான் முதலில் கொடுப்பது ஒரு லிட்டர் கண்ணாடி சிலிண்டர். காற்று ஊதும் ஏரேஷன் டேங்க்கில் தண்ணீர் மொண்டு, ஆயிரம் கோடு வரை நிரப்பி, ஆடாத மேசையில் வெயில் படாமல் வைக்க வேண்டும். முப்பது நிமிடம் கழித்து கசடு, அதாவது அழுக்கைத் தின்னும் பாக்டீரியாக் கூட்டம், எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். எஸ்.வி. முப்பது என்று இதற்குப் பெயர். எல்லா ஊரிலும் செய்கிற சோதனைதான், இதில் ரகசியம் எதுவும் கிடையாது. ஆனாலும் சிலிண்டரை வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவனுக்கு ஓர் எண் மட்டும்தான் கிடைக்கும். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கிறவனுக்குத் தொழில் பிடிபடும்.

முதல் ஐந்து நிமிடத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். கசடு திரண்டு, திரி திரியாகச் சேர்ந்து, மேலே தெளிந்த தண்ணீரை விட்டு நிதானமாக இறங்கினால் நல்லது. அப்படி இறங்கி 250, 300-இல் நின்றால் அன்றைக்கு நிம்மதி. சடசடவென்று அடியில் போய் உட்கார்ந்துவிட்டு மேலே கலங்கலை விட்டால் கசடு முற்றிவிட்டது, கொஞ்சத்தை வேஸ்ட்டாக வெளியே எடுக்க வேண்டும். 800, 900-லேயே நின்று இறங்க மறுத்தால் இரண்டு காரணம் இருக்கலாம். கசடு அளவுக்கு மேல் சேர்ந்திருக்கலாம், அல்லது நூல் பாக்டீரியா பெருகியிருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க லேபுக்கு ஓட வேண்டாம். இன்னொரு சிலிண்டரில் பாதி கசடும் கசடு படிந்து தெளியும் கிளாரிஃபையர் தொட்டியின் தண்ணீர் பாதியும் கலந்து வைத்தால் போதும். அது தாராளமாக இறங்கினால் கசடு கூடியதுதான் பிரச்சினை. அதுவும் இறங்காவிட்டால் நூல்.

அளந்து முடித்ததும் சிலிண்டரைக் கழுவி வைத்துவிடாதீர்கள். இன்னும் இரண்டு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். அடியில் படிந்த கசடு கட்டியாகக் கிளம்பி மேலே வந்தால், கிளாரிஃபையர் அடியிலும் அதே கதைதான் நடக்கிறது. அங்கே தேங்கிய கசடு நைட்ரஜன் குமிழ் விடுகிறது, கசடைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப்பை இன்னும் வேகமாக ஓட்ட வேண்டும். நான் வேலை பார்த்த திருப்பூர்ச் சாயத் தண்ணீரில் இன்னொரு சங்கடம் உண்டு. மேல் தண்ணீர் எப்படியும் கலராகத்தான் இருக்கும், தெளிவா கலங்கலா என்று கண்ணுக்குப் பிடிபடாது. சிலிண்டருக்குப் பின்னால் பழைய நாளிதழ் ஒன்றை ஒட்டிவைத்து, எழுத்து தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தார் எனக்கு வேலை கற்றுத் தந்தவர். இன்றைக்கும் அப்படித்தான் பார்க்கிறேன்.

அவர் அவினாசிப் பக்கத்துக்காரர். சாயப்பட்டறையில் துணியைச் சுழற்றும் விஞ்ச் ஓட்டிக்கொண்டிருந்தவர், பிறகு கழிவுநீர்ப் பக்கம் வந்தார். கெமிஸ்ட்ரி படித்தவர் இல்லை. எந்தப் பட்டறையில் இன்றைக்குக் கறுப்பு ஓடுகிறது, எங்கே பெராக்சைடு ப்ளீச் முடிந்து தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்பதை வரும் தண்ணீரைச் சேர்த்துக் கலக்கும் ஈக்வலைசேஷன் டேங்க் விளிம்பில் நின்றே சொல்லுவார். நான் அவரிடம் சேர்ந்த புதிதில், தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனைக் காட்டும் டி.ஓ. மீட்டரைப் பார்க்கக் குனிந்தபோது தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“பாக்காத கண்ணு. எவ்வளவு இருக்கும்னு முதல்ல சொல்லு. அப்புறம் பாரு.”

“எனக்கு எப்படீங்ணா தெரியும்?”

“குமிழி தெரியுதில்ல? நுரை தெரியுது, வாசம் வருது. அதைவெச்சு சொல்லு.”

என் தொழில் முழுவதும் அந்தப் பேச்சுக்குள் அடங்கிவிட்டது என்றால் மிகையில்லை. முதலில் சொல், பிறகு பார். டேங்க் ஓரத்தில் நின்று, “ஒன்றரை இருக்கும்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு மீட்டரைப் பார்க்க வேண்டும். மீட்டர் 1.6 காட்டினால் நீயும் சரி, மீட்டரும் சரி. 3.8 காட்டினால் இரண்டில் ஒன்று தப்பு, எது என்று தெரியும் வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. சொல்லாமல் பார்க்கிறவனுக்கு எந்த எண்ணும் சரியாகவே தோன்றும். அவன் மனசில் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது.

திருப்பூரில் இந்தத் தொழில் எப்படி உருவானது என்பதைப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பனியன் தொழில் பெருகப் பெருக சாயத் தண்ணீர் நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்கென்று 1990-களின் தொடக்கத்தில் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. தண்ணீரில் கரைந்த உப்பு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு. சாயக் கழிவில் அது ஆறாயிரம், ஏழாயிரம் என்று நிற்கும். கீழே நிலம் வைத்திருந்த நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் வந்தது. கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அத்தனை சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன எத்தனையோ குடும்பங்கள் அந்த ஆண்டு ஊருக்குப் பஸ் ஏறின.

மறுபடி திறக்கும்போது ஒரு சொட்டுகூட வெளியே விடக் கூடாது என்பது நிபந்தனை. அதற்கு முன்னால் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் கொட்டி நிறத்தைப் பிடித்து, மலை மலையாகக் கசடைச் சேர்த்துக்கொண்டிருந்தோம். நிபந்தனைக்குப் பிறகு பயாலஜிக்கல் தொட்டி, மணல் ஃபில்டர், அல்ட்ரா ஃபில்டர், ஆர்.ஓ., எவாபரேட்டர், கிரிஸ்டலைசர் என்று நீண்ட வரிசை வந்தது. ஆர்.ஓ. தண்ணீர் திரும்பப் பட்டறைக்குப் போகும். மீதி உப்புநீரைக் காய்ச்சி, சோடியம் சல்பேட்டைத் தனியே பிரித்து அதையும் பட்டறைக்கே அனுப்புவோம். இந்த வரிசையில் முதல் தொட்டியில் செய்த தப்பு மூன்று நாள் கழித்து மெம்பரேனில் தெரியும். மருந்தைக் கூட்டிக் குறைத்துச் சமாளித்த காலம் அத்தோடு முடிந்தது. நேற்று என்ன வந்தது, இன்று என்ன நடக்கிறது, நாளை எங்கே அடைக்கும் என்று மூன்றையும் சேர்த்து மனசில் வைத்திருக்கிற ஆள் தேவைப்பட்டார்.

ஏரேஷன் டேங்க்கை மாட்டுத் தொழுவம் என்பார் எனக்கு வேலை கற்றுத் தந்த பெரியவர். தீனியைத் திடீரென்று மாற்றாதே, பட்டினி போடாதே, காற்றை அடைக்காதே. தீபாவளிக்கு முந்திய மாதம் பட்டறைகள் இரவு பகலாக ஓடும், தண்ணீர் பொங்கி வரும். தீபாவளி முடிந்தால் ஒரு வாரம் சொட்டு வராது. அந்த வாரத்தில் பாக்டீரியா பட்டினியில் செத்தால் பிறகு தொட்டியை எழுப்ப மாதக் கணக்கு ஆகும். எல்லாரும் ஊருக்குப் போயிருப்பார்கள். நாங்கள் நாலைந்து பேர் மட்டும் தங்கி, வெல்லம் கரைத்து ஊற்றுவோம், கொஞ்சம் யூரியாவும் டி.ஏ.பி.யும் போடுவோம், காற்று ஊதும் ப்ளோயரை விட்டு விட்டு ஓட்டுவோம். எவ்வளவு வெல்லம் என்பதற்கு அவர் கணக்கு நுரைதான். வெள்ளை நுரை பொங்கினால் தீனி கூடுதல், கசடு குறைவு. கரும்பழுப்பில் பிசுபிசுவென்று ஏடு கட்டினால் கசடு கிழடு தட்டிவிட்டது.

ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன். கெட்டிக்காரன், டிப்ளமோ முடித்தவன். கம்ப்யூட்டர் திரையில் நிலையம் முழுவதையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கிற வசதி அப்போது புதிதாக வந்திருந்தது. ஒரு நைட் ஷிஃப்ட்டில் டி.ஓ. 2.1 என்று பச்சையில் நின்றது. மணிக்கொரு தடவை பார்த்து 2.1, 2.1 என்று ஒழுங்காக எழுதி வைத்தான். காலையில் நாங்கள் உள்ளே நுழையும்போதே அழுகின முட்டை வாடை. ஒரு ப்ளோயர் பெல்ட் அறுந்து, அந்தப் பக்கத்து டிஃப்யூசர் முழுவதும் இரவெல்லாம் காற்று வராமல் கிடந்திருக்கிறது. கசடு கறுத்துவிட்டது. தண்ணீருக்குள் இருக்கும் மீட்டரின் ப்ரோபில் வழவழவென்று பாசி மாதிரி ஏறி, கடைசியாகப் பார்த்த எண்ணையே பிடித்துக்கொண்டு நின்றிருந்தது.

பெரியவர் அவனைத் திட்டவில்லை. ஷிஃப்ட் புத்தகத்தைத் திறந்து, வரிசையாக இருந்த 2.1-களின் மேல் விரலை ஓட்டினார். “உயிருள்ளது எதாச்சும் எட்டு மணி நேரம் ஒரே எடத்துல நிக்குமா கண்ணு?” என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் நிலையத்தில் மாறும் எண்ணைவிட மாறாத எண்ணைப் பார்த்துத்தான் பயந்தோம். நிஜமான டி.ஓ. 1.7 என்றும் 2.3 என்றும் ஆடிக்கொண்டேதான் இருக்கும். உள்ளே வரும் தண்ணீரைப் பாதியாகக் குறைத்து, பக்கத்து நிலையத்திலிருந்து நல்ல கசடை டேங்கரில் கொண்டுவந்து சேர்த்து, தொட்டி பழையபடி நிறம் திரும்பப் பல நாள் ஆனது. ப்ரோபைத் துடைக்கும் துணிக்கு அதற்குப் பிறகு தனி ஆணி அடித்தோம்.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறை விளக்கோ மூடிவிட்டதாகக் காட்டியது. வால்வை மூடச் சொல்லிக் கட்டளை போனதைத்தான் அந்த விளக்கு காட்டியது, வால்வு மூடியதை இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்த விளக்கை நம்பியே வேலை நடந்தது. அதற்குப் பிறகு மனிதர் மனசு ஆலையில் எப்படி வேலை செய்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று இன்னும் தீவிரமாக ஆராய ஆரம்பித்தார்கள். பெரியவருக்கு அந்த ஊர்ப் பெயரே தெரியாது. திரையில் ‘ஆன்’ என்று இருந்தால் போய் மோட்டாரைத் தொட்டுப் பார் என்று அவர் தம் போக்கில் சொல்லி வைத்திருந்தார்.

ஆனால் புலன் சொல்வதை எல்லாம் நம்பிவிடவும் கூடாது. மூக்கு பொய் சொல்லும். ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருக்கும்போது வாடை குடலைப் பிடுங்கும். நூறு பி.பி.எம். அளவுக்கு ஏறிவிட்டால் மூக்கு மரத்துப்போகும், வாடை நின்றுவிட்டது போலத் தோன்றும். அந்த நேரம்தான் ஆள் விழுவான். விழுந்தவனைத் தூக்க இன்னொருவன் குதிப்பான். இரண்டு பேரும் போய்ச் சேருவார்கள். மூடின தொட்டிக்குள், சம்ப்புக்குள் கேஸ் மீட்டர் இல்லாமல், காற்று ஊதாமல், மேலே ஆளும் கயிறும் இல்லாமல் எட்டிக்கூடப் பார்க்காதீர்கள். சூப்பர்வைசர் சொன்னாலும் இறங்காதீர்கள். முதலாளி சொன்னாலும் இறங்காதீர்கள். வேலை போனால் வேறு வேலை கிடைக்கும்.

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில், தோல் பதனிடும் கழிவு சேர்த்துவைத்த தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் அந்தக் கசடில் சிக்கி இறந்தார்கள். கசடு எத்தனை அடி நிற்கிறது, சுவர் எவ்வளவு தாங்கும், அந்தப் பக்கம் யார் படுத்திருக்கிறார்கள் என்ற மூன்று கேள்வியையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் யோசிக்க வேண்டிய தொழில் இது.

நைட் ஷிஃப்ட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. விடியற்காலை இரண்டரையிலிருந்து நாலரை வரை மனித மூளை இறங்கிக் கிடக்கும். எவ்வளவு பழகினாலும் அது முழுதாக மாறாது. அந்த நேரத்தில் கெமிக்கல் டோசிங்கைத் தனி ஆளாக மாற்றக் கூடாது, இரண்டு பேர் நின்று வாய்விட்டுச் சொல்லித்தான் மாற்ற வேண்டும் என்று எங்கள் ஷிஃப்ட்டில் சட்டம். இரவுச் சாப்பாடு பாதி வயிறுதான். மூன்று மணிக்கு உட்கார்ந்திருக்கக் கூடாது, ரவுண்டு போக வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது கேன்டீனில் நின்று “எல்லாம் ஓகே” என்று சொல்லிவிட்டுப் போகிற பழக்கத்தைப் பெரியவர் அனுமதிக்கவே மாட்டார். போகிறவனும் வருகிறவனும் சேர்ந்து டேங்க் டேங்க்காக நடக்க வேண்டும். புத்தகத்தில் கையால் எழுத வேண்டும். எண்ணோடு ஒரு வரியும் எழுத வேண்டும்: ‘மூன்றாம் ப்ளோயர் சத்தம் மாறியிருக்கிறது’, ‘நுரை கொஞ்சம் பழுப்பு’, ‘நாலரைக்கு அமில வாடை வந்து போனது.’ பிற்பாடு எந்தச் சிக்கல் வந்தாலும் எண்களைவிட அந்த வரிகள்தான் எங்களுக்கு வழி காட்டின.

இனி சொல்லப்போவது வயதைப் பற்றியது. தொழிலையும் முதுமையையும் எதற்காகச் சேர்த்துப் பேசுகிறாய் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆலையில் மூளையைக் காப்பாற்றுகிற அதே பழக்கங்கள்தான் வயதான பிறகும் ஆளைக் காப்பாற்றுகின்றன என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆலையில் காப்பாற்றாமல் விட்டது பிறகு எப்படித் திருப்பி அடிக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறேன்.

வயது ஏற ஏறச் சில குறையும். வேகம் குறையும், இரண்டு வேலையை ஒரே நேரத்தில் கவனிக்கிற தெம்பு குறையும், புது மென்பொருளைக் கற்க நேரம் ஆகும். ஆனால் பல ஆண்டு பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவு அவ்வளவு சீக்கிரம் போகாது. எங்கள் நிலையத்தில் ஒரு முறை நிலத்தடிக் குழாய் எங்கோ உடைந்து தண்ணீர் கசிந்தது. வரைபடத்தில் காட்டிய இடத்தில் தோண்டினால் குழாயே இல்லை. ஓய்வு பெற்றுப் போயிருந்த ஃபிட்டர் ஒருவரை வண்டி அனுப்பிக் கூட்டிவந்தார்கள். நாலு எட்டு நடந்து, செருப்புக் காலால் ஓர் இடத்தைத் தட்டிக் காட்டினார். அங்கேதான் இருந்தது. ஐம்பத்தெட்டு வயதானதும் ஆளை அனுப்பிவிடுகிறோம். அவர் தலையில் இருந்த வரைபடத்தை எழுதி வாங்க யாருக்கும் தோன்றுவதில்லை.

வயதானவரை வைத்து வேலை வாங்க முடியாது என்று முதலாளிகள் சொல்வார்கள். ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் ஊர் பி.எம்.டபிள்யூ. கார் ஆலையில் 2007-இல் சராசரி வயது 47 வருகிற மாதிரி ஒரு வரிசையை அமைத்துப் பார்த்தார்கள். தொழிலாளர்களிடமே கேட்டு, மரத் தரை, உட்காரும் இருக்கை, பெரிய எழுத்துத் திரை, பூதக்கண்ணாடி என்று சுமார் எழுபது சின்ன மாற்றங்கள் செய்தார்கள். ஓராண்டில் உற்பத்தித் திறன் 7 சதவீதம் கூடியது. நம் சுத்திகரிப்பு நிலையங்களில் இதில் பாதி செய்தால்கூடப் போதும். கிளாரிஃபையர் பாலத்துக்குக் கைப்பிடி, படிக்கட்டில் நல்ல வெளிச்சம், திரையில் பெரிய எழுத்து, பெரியவர்களுக்கு நைட் ஷிஃப்ட்டிலிருந்து விலக்கு. பணம் பெரிதாக ஆகாது.

என் பெரியவருக்கு வந்தது வேறு விதம். வேலையை விட்ட சில ஆண்டுகளில் அவர் பேச்சு குறைந்துபோனது. வீட்டில் ஒன்று கேட்டால் இன்னொன்றைச் சொன்னார். விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். “அப்பாவுக்கு ஞாபகம் தப்பிடுச்சுங்க” என்று மகன் போனில் சொன்னபோது எனக்கு நம்ப முடியவில்லை. நேரில் போனேன். மருமகள் முற்றத்திலிருந்து கேட்ட கேள்விக்கு அவர் சும்மா தலையை ஆட்டினார். நான் நேர் எதிரே உட்கார்ந்து, வாய் தெரிகிற மாதிரி, “ப்ளோயர் நின்னுபோனா முதல்ல எந்த வால்வைச் சாத்தணுங்ணா?” என்று கேட்டேன். ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னார். ஞாபகம் தப்பவில்லை, காது போயிருந்தது. ப்ளோயர் ரூமில் வாழ்நாளைக் கழித்தவருக்கு உயர்ந்த சுருதி எழுத்துகள் விழாமல்போய், பேச்சு வெறும் இரைச்சலாக ஆகியிருந்தது. பதில் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சத்தில் பேசுவதையே விட்டிருக்கிறார்.

கோவையில் காது டாக்டரிடம் காட்டி மெஷின் வைத்தார்கள். முதல் மாதம் வேண்டாம் என்று கழற்றி வீசினார். பாத்திரச் சத்தம் கூட இடியாக விழுகிறது என்றார். கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டிப் பழகச் சொன்னார்கள், பேரன் பக்கத்திலிருந்து பழக்கினான். பிறகு பேச்சு திரும்பியது. பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்குத் திரும்பியது.

மூளை மங்கும் நோயைப் (டிமென்ஷியா) பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2024-இல் ஓர் அறிக்கை கொடுத்தது. தடுக்கவோ தள்ளிப்போடவோ முடிகிற காரணங்கள் என்று பதினான்கைப் பட்டியலிட்டார்கள். அத்தனையையும் சரிசெய்ய முடிந்தால் ஏறக்குறைய 45 சதவீத நோயைத் தவிர்க்கவோ தாமதப்படுத்தவோ வாய்ப்பு உண்டு என்றார்கள். அந்தப் பட்டியலில் காது கேளாமை இருக்கிறது, காற்று மாசு இருக்கிறது, கவனிக்காமல் விட்ட கண் பார்வை, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, குடி, ஆள் பழக்கம் இல்லாத தனிமை எல்லாம் இருக்கின்றன. ஆலை வேலை பார்க்கிறவன் அந்தப் பட்டியலைப் படித்தால் தன் ஷிஃப்ட் அட்டவணையைப் படிப்பது போலவே இருக்கும். இந்தியாவில் அறுபது தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆலைக்குள் சத்தத்தையும் புகையையும் குறைப்பதைச் சுற்றுச்சூழல் கணக்கில் எழுதுகிறோம். தொழிலாளியின் எழுபதாவது வயதுக் கணக்கிலும் அதை எழுத வேண்டும்.

நம் தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரம்பு. ரூட்ஸ் ப்ளோயர் உறையில்லாமல் ஓடினால் பக்கத்தில் நிற்கிறவனுக்கு அது சாதாரணமாகத் தாண்டிவிடும். கத்திப் பேசினால்தான் கைக்கெட்டும் தூரத்து ஆளுக்குக் கேட்கிறது என்றால் வரம்பை ஒட்டியோ மேலேயோ இருக்கிறீர்கள். சத்த உறை போடுங்கள், ரப்பர் மவுண்ட் தேய்ந்தால் மாற்றுங்கள், சைலன்சரைச் சுத்தம் செய்யுங்கள். காதடைப்பான் கொடுத்தால் போடுங்கள். “மெஷின் சத்தம் கேட்காவிட்டால் கோளாறு எப்படித் தெரியும்” என்று சில பழைய ஆட்கள் வாதாடுவார்கள். காதடைப்பானுக்குள்ளும் பேரிங் தேய்கிற சத்தம் வேறாகக் கேட்கும். பழகிக்கொள்ள முடியும். ஒரு ஸ்க்ரூடிரைவரைப் பேரிங் மேல் வைத்துப் பிடித்தால் கையிலேயே தெரியும்.

திருப்பூர் வேலையை விட்டு வந்து நான் இப்போது மேலகரத்தில் இருக்கிறேன். திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர். மேற்கே திரும்பினால் மலை, அந்தப் பக்கம் குற்றாலம், இந்தப் பக்கம் தென்காசி, நடுவே சிற்றாறு. சீசன் வந்துவிட்டால் தங்கும் விடுதிகளின் சின்னச் சின்னச் சுத்திகரிப்பு நிலையங்களைப் பார்க்கக் கூப்பிடுவார்கள், போவேன். அங்கே நிலையத்தை ஓட்டுகிற ஆள் பெரும்பாலும் தண்ணி மோட்டாரும் பார்க்கிற, ஜெனரேட்டரும் பார்க்கிற ஒரு பையன்தான். திங்கள் முதல் வியாழன் வரை ஆள் குறைவு, சனி ஞாயிறு கூட்டம் அலைமோதும். திருப்பூர் தீபாவளி இங்கே வாரா வாரம் வருகிறது. சனிக்கிழமை வருகிற தண்ணீர் முழுவதையும் சனிக்கிழமையே தொட்டிக்குள் விடாதே, சேமிப்புத் தொட்டியை வெள்ளிக்கிழமை காலியாக வைத்திரு, ஞாயிறு இரவும் திங்களும் நிதானமாக எடு என்று சொல்லிக்கொடுப்பேன். ஒழுங்காக ஓட்டாத நிலையத்துத் தண்ணீர் கடைசியில் சிற்றாற்றில்தான் இறங்கும். குற்றால அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று தடை இருப்பது எல்லாருக்கும் தெரிகிறது. விடுதிக் குளியலறையில் போடுகிற சோப்பும் அதே ஆற்றுக்குப் போகிறது என்பது பலர் மனசில் படுவதில்லை.

ஒரு பையன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டான். “அண்ணாச்சி, கசடு மேல வந்துட்டு” என்றான். வழியில் பைக்கில் குலுக்கிக்கொண்டு வந்தது என்பதால் அந்தச் சிலிண்டரை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆனால் எத்தனை மணிக்கு வைத்தாய், எப்போது கிளம்பியது என்று கேட்டதற்கு அவனிடம் பதில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். அவனுக்குத் தொழில் வந்துவிடும் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்தது.

பெரியவரின் ‘முதலில் சொல், பிறகு பார்’ இப்போதும் என்னோடு இருக்கிறது. காலையில் மலை மேல் மேகம் எவ்வளவு இறங்கியிருக்கிறது, காற்றில் சாரல் இருக்கிறதா என்று பார்த்து, இன்றைக்கு ஐந்தருவியில் தண்ணீர் எப்படி விழும் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். டீக்கடையில் அருவியிலிருந்து இறங்கி வருகிற ஆட்டோக்காரரிடம் கேட்டுச் சரிபார்ப்பேன். ரேஷன் பை எத்தனை கிலோ இருக்கும், மின் கட்டணம் எவ்வளவு வரும், ரத்த அழுத்தம் இன்றைக்கு எவ்வளவு என்று எதையும் முதலில் சொல்லிவிட்டுத்தான் பார்க்கிறேன். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021-இல் வந்த பிறகு பிரஷரும் சர்க்கரையும் வீட்டு வாசலிலேயே பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். பார்க்க வருகிற அந்தப் பெண்ணுக்கு, எண்ணைச் சொல்வதற்கு முன் என்னைச் சொல்ல விட வேண்டும் என்பது இப்போது பழகிவிட்டது. சிறிய நோட்டு ஒன்றில் தேதி போட்டு, எண்ணோடு ஒரு வரியும் எழுதுகிறேன். இது மருந்தாகாது, மருத்துவம் தனி. மனசு வெளியே இருக்கிற உலகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பதற்கு இது ஒரு வழி. என்னோடு வேலை பார்த்த பலருக்கும் இந்தப் பழக்கம் இருக்கிறது. அவர்களோடு பேசும்போது அது தெரியும்.

வேலைக்குப் போகிற பிள்ளைகளே, ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சேருவதற்கு முன் அரசு மருத்துவமனையில் காது சோதனை செய்து, அந்த ஆடியோகிராம் தாளை வாங்கித் தேதி போட்டுப் பத்திரமாக வையுங்கள். ஆண்டுதோறும் மறுபடி எடுங்கள். நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளம் விழ ஆரம்பித்தால் அது பெரும்பாலும் இரைச்சல் செய்த வேலை. தாளைக் கொண்டுபோய் மேனேஜரிடம் காட்டி, ப்ளோயருக்கு உறை கேளுங்கள்.